கலைவாணன் அழித்த பாட்டு

2024 ஜூலை 7, ஞாயிறு. அன்று மாலை கலைவாணன் தன் ராப் பாட்டை யூடியூபில் ஏற்றினான். வயது இருபத்தாறு. காரைக்காலில் செல்போன் கடையில் வேலை. மீன் கூட்டத்தைக் குஞ்சோடு வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியதை முன்பே சிறு புத்தகமாகப் போட்டிருந்தான். அதை ஊரில் யாரும் படிக்கவில்லை. பாட்டை எல்லோரும் கேட்டார்கள்.

“வலை உன்னுது, கடல் யாருது?
குஞ்சையும் வாரிட்டா நாளைக்கு ஏது?”

தடையுள்ள அந்த வலையை வைத்திருப்பவர்கள் அவன் ஊர்க்காரர்களே. கோட்டுச்சேரிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ஊர். பாட்டில் அதன் பெயரையும் சொல்லியிருந்தான். பஞ்சாயத்து கூடியது. பாட்டு இருக்கும்வரை அந்த வீட்டோடு பேச்சு கிடையாது, அவன் அம்மா வடிவாம்பாளுக்குக் கரையில் மீன் கிடையாது என்று முடிவானது. கணவர் இல்லாத வடிவாம்பாளுக்கு மீன் கூடைதான் பிழைப்பு.

மறுநாள் ஏலத்தில் அவர் விலை கேட்டார். ஏலக்காரர் காதில் விழாததுபோல் அடுத்தவரைப் பார்த்தார். வடிவாம்பாள் வெறுங்கூடையோடு வீடு திரும்பினார்.

“பாட்டை எடுத்துடட்டுமாம்மா?”

“எடுன்னு நான் சொன்னேனா?”

“சொல்லலையே.”

“பழைய சோத்துக்குத் தொட்டுக்க உன் பாட்டை வச்சுக்கறேன், போ.”

அன்றே அழித்தான். பஞ்சாயத்தின் முன் மைக்கில் மன்னிப்பும் கேட்டான். கோயில் திருவிழாவில் பாட அவனுக்குத் தராத மைக் அது. தலைவர் சுப்ராயன் தன் போனை நீட்டினார். அதில் பாட்டு ஓடியது.

“எடுத்துட்டேன்னியே, இது என்னடா?”

“அது நான் போட்டது இல்ல மாமா. கடலூர்க்காரன் எவனோ எடுத்துப் போட்டிருக்கான்.”

“குரல் யாருது?”

“என்னுதுதான். நீங்களும்தான் நாலு குரூப்புக்கு அனுப்புனீங்க. அதையும் நானே எடுக்கணுமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுப்ராயன் சிரிக்கவில்லை.

“எல்லா போன்லயும் பாட்டு இல்லாமப் போகட்டும். அப்பறம் வா.”

பாட்டை எடுத்துப் போட்டிருந்த ஒவ்வொருவருக்கும் கலைவாணன் எழுதினான். சிலர் நீக்கினார்கள். ஒருவர் அவன் கெஞ்சி எழுதியதையே படம்பிடித்து, பாட்டோடு சேர்த்துப் போட்டார். அது முன்னதைவிட அதிகம் பேரிடம் போனது.

இப்போது வடிவாம்பாள் விடியுமுன் பஸ் ஏறி, நாகப்பட்டினத்தில் மீன் எடுத்துவந்து தலத்தெருவில் விற்கிறார். பஸ்ஸில் சில நாள் யாராவது ஒருவரின் போனில் மகனின் குரல் கேட்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பஞ்சாயத்து அடுத்து ஆடி அமாவாசையன்று கூடுகிறது.