அயர்ன் பண்ணியும் போகாத சுருக்கம்

செக்கிங் டேபிளில் வேலை செய்பவர்களுக்கு முதலில் கெடுவது கண் என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். முதலில் கெடுவது கால். டியூப் லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிரிந்த இடம் எல்லாம் தேடிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் குறை கண்ணில் படாது என்று யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ சொல்லிவைத்துவிட்டான். அதனால் எங்கள் கம்பெனியில் செக்கிங்குக்கு நாற்காலியே கிடையாது. சாயங்காலம் அவிநாசிபாளையத்தில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றும்.

நாற்காலி டிசைன் ரூமில் இருந்தது. சக்கரம் வைத்தது, முதுகுக்குச் சாய்மானம் உள்ளது. அதில் உட்கார்ந்திருந்த பெண் பிரசவத்துக்காகக் கொமரலிங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகவிருந்தாள். புதிதாக ஆள் எடுக்க ஓனருக்கு மனசில்லை. "உள்ள இருக்கறவங்க யாராச்சும் கத்துக்கிட்டா அவங்களையே உக்கார வெச்சுக்கலாங்க" என்று மேனேஜரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு டிசைன் ரூமில் போய் நின்றேன். கலை ஆர்வம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண் நல்லவள். முதலில் தன்னுடைய பக்கவாட்டு முகப் படத்தையும் ஆற்றங்கரைத் தென்னந்தோப்புப் படத்தையும் கம்ப்யூட்டரில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு படமும் ஒரு லேயர். மேலே இருக்கிற லேயரை ஸ்கிரீன் என்கிற முறைக்கு மாற்றியதும் அவள் கூந்தல் இருந்த இடமெல்லாம் தென்னை மரமாகிவிட்டது. ஒரே படத்தில் இரண்டு படம். பிறகு மல்டிப்ளை என்கிற முறையைக் காட்டினாள்.

"இதுல வெளுப்பெல்லாம் காணாமப் போயிருங்கக்கா. இருட்டு மட்டுந்தான் நிக்கும்."

"எங்கூட்ல தெனமும் அதுதான் கண்ணு நடக்குது" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கம்பெனிக்கு வேண்டியது இந்த மல்டிப்ளைதான். வெள்ளை டி-சர்ட் படத்தின் மேல் டிசைனைச் சும்மா வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். மல்டிப்ளையில் வைத்தால் துணியின் மடிப்பும் நிழலும் டிசைனுக்குள் ஏறி, நிஜமாகவே பிரிண்ட் அடித்துத் தைத்து மாட்டியது போலாகிவிடும். ஒரு பீஸ்கூடத் தைக்காமல் அந்தப் படத்தைக் காட்டியே ஆர்டர் கொடுக்கிற பையரிடம் ஓகே வாங்கிவிடலாம்.

கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுவது சுலபம். மவுஸ் என் கைக்கு அடங்கவே அடங்காது. வேனில் வரும்போது போனில் வீடியோ போட்டுப் பார்ப்பேன். அதில் பேசுகிற பையன் படபடவென்று கொட்டுவான். அவன் இரண்டாவது லேயருக்குப் போவதற்குள் நான் தூங்கியிருப்பேன். இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா என்று என்மேலேயே எரிச்சல் வரும். மறுநாள் டேபிளில் நின்று கணுக்கால் வீங்கியதும் தேவைதான் என்று தெரியும்.

பரீட்சை மாதிரி ஒரு டிசைன் கொடுத்தார் ஓனர். நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் இளமஞ்சளில் ஒரு பெரிய சூரியன். அதைப் போட்டுக் காட்ட ஒரு ஆள் வெள்ளை டி-சர்ட் மாட்டி நிற்கிற போட்டோ வேண்டும். மாடலுக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டுக்காரர் நிட்டிங் மிஷினில் நைட் ஷிப்ட். காலையில் வந்தவரை முகம் கழுவக்கூட விடாமல் டி-சர்ட்டை மாட்டச் சொல்லி, சுவரோரம் நிறுத்தினேன்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க."

"நேராத்தான் புள்ள நிக்கறேன்."

நூல் மூட்டை சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் இறங்கிப்போயிருந்தது. மேல் முதுகும் லேசாக வளைந்திருந்தது. அவருக்கு அதுதான் நேர். மேலே சொல்லிப் பிரயோசனமில்லை என்று, தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்தேன்.

படம் அவ்வளவு அழகாக வந்தது. சூரியனுக்குள் மடிப்புகள் பூப்போல இறங்கியிருந்தன. அன்றைக்கே பையர் ஓகே சொல்லிவிட்டார். ஓனர் டேபிளுக்கே வந்து, "ஏனுங்கக்கா, ஒன்னாந்தேதில இருந்து நீங்க அங்கயே உக்காந்துக்கங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேமியா பாயசம் வைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். சாம்பிளுக்குப் பிரிண்ட் அடிக்க, சூரியன் மட்டும் இருக்கிற டிசைன் ஃபைலைத்தான் அனுப்ப வேண்டும். அது பெரிய ஃபைல், போக நேரமாகும். பொறுமையில்லாத ஓனர், பையர் ஓகே சொன்ன படமே போனில் இருக்கிறதே என்று அதையே பிரிண்டிங்காரருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார். பையர் ஓகே பண்ணியதில் எங்கள் ஊரில் யாரும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார்கள். அந்தப் பிரிண்டிங்காரர் சூரியனை மட்டும் படத்திலிருந்து வெட்டியெடுத்து, அதற்குள் இருந்த மடிப்பையும் நிழலையும் ஒரு கோடு விடாமல் துணியில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

அயர்ன் மாஸ்டர்தான் முதலில் சத்தம் போட்டார். "என்ன துணிங்க இது? எத்தன தடவ தேச்சாலும் சுருக்கம் போக மாட்டேங்குது."

பீஸ் என் டேபிளுக்கு வந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். துணி தட்டையாக இருந்தது, சுருக்கம் அப்படியே இருந்தது. இடது தோளிலிருந்து ஒரு கோடு சரிந்து இறங்கியது. நெஞ்சுக்குக் கீழே, அவர் வளைகிற இடத்தில், இன்னும் இரண்டு. எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் எனக்குத் தெரியும், அது என் வீட்டுக்காரர் நிற்கிற நிலை. அடுத்த பீஸிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன். அது என் வேலை.

"படம் ஒழுங்கா இருந்திருந்தா இப்பிடி ஆகுமுங்களா?" என்று ஓனர் எல்லார் முன்னாலும் கேட்டார். படத்தை அனுப்பியது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இப்போதைக்கு டேபிள்லயே இருங்கக்கா. வேற ஆளு பாத்துக்கலாம்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டிக்கர் ரோலை அவர் நெற்றியில் ஒட்டியிருப்பேன். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

தள்ளுபடியான பீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புதுத் துணி என்றதும் ஆசையாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, நெஞ்சில் இருந்த சுருக்கத்தை நீவி நீவி விட்டார். அது போகாது என்றேன். ஏன் என்று கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

நீவுவதை நிறுத்திவிட்டார். பிறகு இடது தோளை மெதுவாக மேலே ஏற்றி, முதுகை நிமிர்த்தினார்.

"அன்னிக்கு நான் இப்பிடி நின்னிருந்தா உனக்கு அந்தச் சேர் கெடச்சிருக்குமா புள்ள?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. அந்த ஓனர் பண்ணுன வேலைங்க அது."

தலையாட்டினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அந்த டி-சர்ட்டோடே கிளம்பினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கும், விடுங்க என்று கூப்பிட்டுச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தெருமுனை திரும்பும் வரை அவர் தோளை இறக்கவே இல்லை.