மறுத்துப் பேச ஒரு வகுப்பு

1. எழுந்து நின்றவர்கள்

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நர்ஸ்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று ஜெர்மனில் சொன்னேன். புரியாததால் இன்னும் விறைப்பாக நின்றார்கள். நானும் நின்றேன். கடைசியில் "உக்காருங்க சிஸ்டர்" என்று தமிழில் கெஞ்சிய பிறகுதான் என் ஜெர்மன் வாத்தியார் வாழ்க்கை தொடங்கியது.

அதற்கு முன்பு, ஜெர்மன் இயந்திரங்களோடு வரும் கையேடுகளைப் படித்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். கம்பெனி என்னைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் நான் வீட்டோடு இருந்த சில நாட்களிலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "தெரிஞ்சதை வெளில போய் யாருக்காவது சொல்லிக் கொடுங்கோ. ஆத்துல எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்."

பயிற்சி மையம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில். கீழே பரோட்டாக் கடை. கொத்து பரோட்டா போடும் தாளத்துக்கே எங்கள் பிள்ளைகள் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தார்கள். இலக்கணத்தில் அவர்களை அசைக்க முடியாது. மருந்து சார்ட் எழுதிப் பழகிய கைகள்; கட்டம் போட்டுக் கொடுத்தால் ஒரு விகுதி பிசகாது.

2. மலைக்கோட்டைக்குப் போகலாம்

ஷமீமா பாலக்கரைக்காரர். தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் வளைகுடாவிலிருந்து முதுகுத்தண்டு வலியோடு திரும்பியிருந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை ஷமீமாவுக்கு இடம் தரத் தயாராக இருந்தது. அதற்குத் தேவையான பி-டூ ஜெர்மன் தேர்வில் எழுத்து, வாசிப்பு எல்லாம் தேறியாயிற்று. பேச்சில் மட்டும் ஒருமுறை தவறிவிட்டார். இன்னொரு முறை தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பேச்சுத் தேர்வில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு திட்டம் போட வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வேறு யோசனை தர வேண்டும். பயிற்சிக்கு எதிரே நான் உட்கார்ந்தேன்.

"மூட்டுவலி நோயாளிகளை மலைக்கோட்டை உச்சிக்கு நடத்தியே கூட்டிச் செல்லலாம்" என்றேன் ஜெர்மனில்.

"யா, ஸேர் குட்" என்றார் ஷமீமா. ஆமாம், ரொம்ப நல்லது.

தமிழுக்கு மாறினேன். "சிஸ்டர், மூட்டுவலிக்காரங்க. மலைக்கோட்டை."

"தெரியுது சார்."

"அப்புறம் எப்படி ரொம்ப நல்லது?"

"நீங்க சொல்றீங்களே சார்."

"வார்டுல டாக்டர் தப்பா ஒண்ணு சொன்னா என்ன செய்வீங்க?"

"சரிங்க டாக்டர்னு சொல்லிருவோம். ரவுண்ட்ஸ் முடிஞ்சு அவர் கை கழுவுறப்ப பக்கத்துல போய், 'டாக்டர், அந்த பேஷண்டுக்கு சுகர் வேற இருக்குல்ல'ன்னு நாமளே யோசிக்கிற மாதிரி சொல்லுவோம். அவரே மாத்தி எழுதிருவார்."

"பரீட்சையில யாரும் கை கழுவப் போக மாட்டாங்க சிஸ்டர்."

"அதான் சார் பிரச்சினை."

3. மீனாவின் கதைகள்

இலக்கணப் பயிற்சி இதற்கு உதவாது என்று புரிந்ததும் கதை எழுத ஆரம்பித்தேன். எளிய ஜெர்மன், சின்ன வாக்கியங்கள். நாயகி மீனா எதற்கும் ஆமாம் சொல்பவள். சமயபுரத்தில் தேர்த் திருவிழாவன்று லாட்ஜுக்குப் போகிறாள். அறையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, பரவாயில்லையா? ஆமாம். அவர்களிடம் ஆடு ஒன்று இருக்கிறது, பரவாயில்லையா? ஆமாம். கட்டில் ஆட்டுக்கு.

மீனா எங்கே மறுத்திருக்க வேண்டுமோ அங்கே என் வாசிப்பை நிறுத்தி, அவளுக்குப் பதிலாக மாணவிகள் பேச வேண்டும். மற்றவர்கள் இன்னொரு குடும்பம் என்றதுமே கத்தி நிறுத்தினார்கள். ஷமீமாவின் முறை வந்தபோது ஆடு கட்டிலில் படுத்துத் தூங்கியே விட்டது.

"ஏன் சிஸ்டர் நிறுத்தல?"

"லாட்ஜ்காரரும் பாவம் சார். திருவிழா நேரத்துல அவரு என்ன பண்ணுவாரு?"

4. பரோட்டாக் கல் நின்ற நேரம்

தேர்வுக்கு முந்தைய வாரம் ஷமீமாவைத் தனியாக அழைத்து, நிதானமான ஜெர்மனில் சொன்னேன்: "இந்த முறை தேர்வுக்குப் போக வேண்டாம். அடுத்த முறை பார்க்கலாம்." வழக்கமான ரொம்ப நல்லதுக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. கீழே கல் தட்டும் சத்தம்கூட அப்போது நின்றிருந்தது. நானும், நல்ல வேளையாக, பேசாமல் இருந்தேன்.

"இல்லை" என்றார், ஜெர்மனில். "நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அடுத்த முறை வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். என் கணவரால் இனி பாரம் தூக்க முடியாது, என்னால் முடியும்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"மீனா முட்டாள் இல்லை. நீங்கள் அவளைப் பேச விடுவதில்லை. ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்ததைப் படித்துவிடுகிறீர்கள். எங்களிடமும் அப்படித்தான். அதனால் என் யோசனை இது. நான் தேர்வுக்குப் போகிறேன். இந்த வாரம் முழுக்க நீங்கள் எதிரில் உட்காருங்கள். ஒன்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்."

மறுப்பு, காரணம், மாற்று யோசனை, எல்லாம் இருந்தன. வினைச்சொல் ஓரிரு இடங்களில் இடம் மாறி நின்றது. திருத்த நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"யா, ஸேர் குட்" என்றேன்.

நான் அப்படிச் சொன்ன பிறகுதான் ஷமீமாவுக்குத் தான் செய்தது உறைத்தது. "சாரி சார்" என்று எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர், உக்காருங்க. இப்பதான் பாஸானீங்க."

தேர்வு நடத்துபவர்கள் அதை முறைப்படி அறிவிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. இப்போது ஷமீமா ஜெர்மனியில் ஒரு வார்டில் இருக்கிறார். டாக்டரிடம் மாற்றுக் கருத்து சொன்னதாகவும், அவர் நன்றி சொன்னதாகவும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அவர் கை கழுவப் போற வரைக்கும் காத்திருக்கல சார்."

மொழி சொல்லிக் கொடுக்க வரும் இளையவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பாடம் இதுதான்: கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எதிரில் இருப்பவரிடம் பெரும்பாலும் பதில் இருக்கிறது. நம் குரல்தான் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் காத்திருந்தேன். வெகு நேரம் பேசினாள்.