பல்லேபொல டீச்சரின் வேன் கூரை

1. விடிய ஆறு ஐந்து

வேன் பற்றரியில் 11.4 வோல்ட். குளிர்ப்பெட்டி தானாகவே நின்றிருந்தது. உள்ளே வைத்த வெப்பமானி பதினான்கு பாகை காட்டியது. எட்டைத் தாண்டக் கூடாது.

நான் எண்களை எழுதி முடிக்கும்வரை டீச்சரின் கணவர் சர்வேயர் ஐயா பொறுமையாக நின்றார். பிறகு, "பெயில்தானே சிவா?" என்றார்.

"பெயில்தான் ஐயா."

டீச்சர் வேனின் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். கால் வலித்திருக்க வேண்டும், நொண்டிக்கொண்டுதான் போனார்.

போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு தொடங்கி, யாழ்ப்பாணம் போகும் ஏ நைன் பாதை திறந்திருந்த காலம் அது. அலுவிகாரையில் அந்தப் பாதையோரமாக இருந்த ஒரு வெல்டிங் கராஜில் நான் எலக்ட்ரிஷன். முதலாளியை ஊரே ஹாஜியார் என்று அழைக்கும். லொறி பொடி, கேட், வேன் கூரையில் சாமான் ஏற்றும் ஹூட் ரெக் எல்லாம் செய்வோம். கலேவெல பக்கம் மின்கம்பம் போகாத வீடுகளுக்கு நான் சோலர் பெனல் பூட்டியிருக்கிறேன். வேனுக்குப் பூட்டியதில்லை. வேறு யாரும் பூட்டியதைப் பார்த்ததுமில்லை.

டீச்சர் பல்லேபொலையில் இருந்த ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை. ஊர் யாழ்ப்பாணம். கல்யாணம் கட்டி மாத்தளைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆனதால் நம்மைப் போலவே பேசுவார். கணவர் நில அளவைத் திணைக்களத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் தன் அக்காவைக் கண்டு பதினேழு வருடம். பாதை திறந்ததும் அக்காவின் கடிதம் வந்தது: மகளுக்குக் கல்யாணம், வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போ. ஆனால் அக்காவின் வீட்டில் பாதிக்குத்தான் கூரை இருந்தது. மின்சாரம் இல்லை. டீச்சரோ தினமும் இன்சுலின் போடுபவர். திறந்த குப்பி வெளியில் இருக்கலாம், மற்றக் குப்பிகள் எல்லாம் குளிரில் இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அதனால்தான் இந்த வேன். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பன்னிரண்டு வோல்ட் குளிர்ப்பெட்டி. மேலே சோலர். சர்வேயர் ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு நாள் தொடர்ந்து எட்டு டிகிரிக்குள்ள நிக்கணும். நின்னா போறோம். நிக்காட்டி நான் மட்டும் போயி கல்யாணத்தப் பாத்துட்டு வர்றேன்."

"எங்க அக்கா மக கல்யாணத்துக்கு நீங்க மட்டுமா?" என்றார் டீச்சர். "போயி என்ன செய்யப் போறீங்க, பந்தல அளந்து குடுக்கப் போறீங்களா?"

2. ஹூட் ரெக்

இந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதைப் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன். இதில் பிழை எதுவும் இருக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூரையில் துளை போடக் கூடாது. போட்டால் ஒழுகும். வேன் கூரையின் ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பைப் பிடிக்கும்படி எட்டு கிளாம்ப் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய லொறி டியூபில் வெட்டிய ரப்பர். ரெக் ஒரு அங்குல பொக்ஸ் பார் என்ற சதுர இரும்புக் குழாய். முன்பாதியில் இரண்டு ஐம்பது வொட் பெனல். பெனலுக்கும் கூரைக்கும் நடுவே நான்கு அங்குல இடைவெளி விட்டேன். பெனல் சூடேறினால் கரண்ட் குறையும், அடியில் காற்று ஓட வேண்டும். பின்பாதி சாமான் ஏற்றுவதற்கு வெறும் கம்பிதான்.

நான் இடைவெளியை மூன்றாம் தடவை அளந்தபோது ஹாஜியார் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிவா, இது பல்லேபொலையில இருந்து யாழ்ப்பாணம் போற வேனா, சந்திரனுக்குப் போறதா?"

"நாலு அங்குலத்துக்கு மேல ஒரு நூல் கூடிருச்சு ஹாஜியார்."

"அந்த ஒரு நூல்ல எந்த பெனல்யா வெளிய பறக்கப் போகுது?"

பெனலில் தூசி படிந்தால் தானே துடைக்க வேண்டும் என்று டீச்சர் பெனலுக்கு நேரே பக்கவாட்டில் ஏணி கேட்டார். படிக்குப் படி எவ்வளவு உயரம் வைப்பது என்று கேட்டேன். டீச்சர் கராஜுக்கே வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஒயில் டின் மேல் காலை வைத்தார். பிறகு அதைவிடப் பெரிய டின். அதையும்விடப் பெரிய டின்னில் ஏறியபோது டின் உருண்டது. ஹாஜியார் ஓடிப்போய் டின்னைப் பிடித்தார். டீச்சரை நான் பிடித்தேன். பத்து அங்குலம் என்று முடிவானது.

வேனை ஒப்படைத்த அன்று நான் டீச்சரிடம் சொன்னதை டயரியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் ஒரு நிழல் விழாது டீச்சர். மேலயும் கீழயும் நல்லா காத்துப் போகும். கோழி ஏறாது. மழை பெஞ்சா தண்ணி நிக்காது. பல்லேபொல முழுக்கத் தேடினாலும் இத விட வெயில் படுற இடம் கெடைக்காது."

அவர் தலையாட்டிக் கேட்டார். மிகவும் கவனமாகக் கேட்டார் என்று அன்றிரவு எழுதினேன்.

3. பன்னிரண்டு மணி

சோதனை நடந்த நாட்களில் நான் தினமும் பதினொன்று இருபது பஸ்ஸில் ஏறி, டீச்சர் வீட்டு முற்றத்தில் நின்ற வேனில் சரியாகப் பன்னிரண்டுக்கு மீட்டரை வைத்தேன். 5.4 அம்பியர். மறுநாள் 5.5. அதற்கடுத்த நாள் 5.4. இரண்டு பெனலுக்கு அது மிக நல்ல கரண்ட். அப்படியிருந்தும் மூன்றாம் இரவு கழிந்து விடிய, முதலில் சொன்ன 11.4.

கரண்ட் வருகிறது, பற்றரி நிரம்பவில்லை என்றால் நடுவில் எங்கோ குறைகிறது என்று அர்த்தம். கேபிளை மாற்றித் தடித்த கேபிள் போட்டேன். பற்றரியைக் கழற்றிப் புதியது வைத்தேன். குளிர்ப்பெட்டிக் கதவின் ரப்பரில் கடதாசியைச் செருகி இழுத்துப் பார்த்தேன். கடதாசிதான் கிழிந்தது, ரப்பர் நன்றாகவே இருந்தது. இரண்டாவது சோதனை தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு 5.4, 5.4, 5.5. மூன்றாம் இரவு கழிந்து விடிய 11.5.

"ஒரு புள்ளி ஏறியிருக்கு," என்றேன்.

"இப்பிடி ஒவ்வொரு புள்ளியா ஏறினா," என்றார் சர்வேயர் ஐயா, "கல்யாணப் பொண்ணுக்கு நாலாவது புள்ள பொறக்கிறப்ப போய்ச் சேருவோம்."

டீச்சர் இம்முறை டயரை உதைக்கவில்லை. வேன் படியில் உட்கார்ந்து, "எனக்கு அந்த எட்டு டிகிரி வேணாம் தம்பி. நான் மருந்து போடாம ரெண்டு மாசம் இருப்பேன்," என்றார். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும். கணவர் முற்றத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்துக்கு எட்டு நாள். பயணத்துக்கு இரண்டு, சோதனைக்கு மூன்று. மிச்சம் மூன்று நாளில் நான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கராஜில் ஹாஜியார் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு. வேற நேரத்துல சூரியனுக்கு லீவா?"

"ஒரே நேரத்துல எடுத்தாத்தான் ஒப்பிட்டுப் பாக்கலாம் ஹாஜியார். அதுதான் முறை."

"முறையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேன்தான் ஓடலயே."

4. ஒன்பது முப்பத்தைந்து

அடுத்த நாள் காலை பல்லேபொல பக்கம் ஒரு வீட்டுக்குக் கேட் கொண்டுபோக வேண்டியிருந்தது. போகிற வழியில் ஹாஜியார் லொறியை டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினார். நேரம் ஒன்பது முப்பத்தைந்து.

டீச்சர் ஏணியின் மூன்றாவது படியில் நின்றார். இரண்டு பெனலையும் மூடி இரண்டு புற்பாய் விரித்திருந்தது. பாயின் மேல் மிளகு. பாதி பச்சை, பாதி கறுப்பு. டீச்சர் அதைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"மிளகு."

"அது தெரியுது."

"என்ன அழகா காயுதுன்னு பாருங்க தம்பி. முத்தத்துல அஞ்சு நாள் எடுக்கிறது இங்க மூணு நாள்ல சுருங்கிருது. ஒரு கோழி கிட்ட வர்றதில்ல. அக்காவுக்குப் பத்துக் கிலோ கொண்டு போகணும். அங்க நல்ல மிளகு எங்க?"

மாத்தளையில் யார் வீட்டிலும் கறுப்பாக, தட்டையாக, வெயிலில் சூடாகும் ஒரு பொருளைச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். மிளகோ கராம்போ சாதிக்காய்ப் பூவோ அதன்மேல் வந்துவிடும். எனக்கும் இது தெரியும். என் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மூடியில் அன்று காலைகூடக் கராம்பு காய்ந்தது.

"நான் வர்றப்ப ஒரு நாளும் இது இருந்ததில்லையே டீச்சர்."

"பன்னெண்டு மணிக்கு நான் அடுப்படியில நிப்பேன். பாக்க ஆளில்லாட்டி குரங்கு வந்திரும். அதனால பதினொன்றரைக்கு எடுத்து, ரெண்டு மணிக்குத் திரும்பப் போடுறது."

நான் ஏணியின் கீழே நின்று கொப்பியைப் பார்த்தேன். ஆறு நாள், ஆறு வாசிப்பு, ஆறும் குரங்குக்குப் பயந்து மிளகு உள்ளே போன நேரத்தில்.

"டீச்சர், பெனல் வெளிச்சத்துலதான் வேல செய்யும். மூடினா கரண்ட் வராது."

"நீங்க வெயில்ல ஓடும்னுதானே சொன்னீங்க? வெயில்னா சூடு. மிளகு சூடாகுது, பாய் சூடாகுது, அடியில பெனலும் சூடாகுது. நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேனே."

"சூடு இல்ல டீச்சர். வெளிச்சம்."

டீச்சர் கிளறிய கையைப் பாயிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாக, தன் ஊர்ப் பேச்சில் சொன்னார்: "அப்ப, என்ர பயணத்தை நானேதான் மறிச்சனானா?"

சர்வேயர் ஐயா சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தார். அதில் அடுத்த தொகுதிப் பச்சை மிளகு இருந்தது.

"ஒவ்வொரு நாளும் நான்தானே பாயத் தூக்கிக் குடுத்தேன்," என்றார்.

ஹாஜியார்தான் முதலில் சிரித்தார். லொறியிலிருந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு, கேட் கிடுகிடுக்கச் சிரித்தார். பிறகு டீச்சர். ஏணியில் நின்று சிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், அதற்கும் சிரித்தார். சர்வேயர் ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நான் முதலில் மீட்டரை வைத்தேன். மிளகோடு 0.6 அம்பியர். மிளகில்லாமல் 3.9. இரண்டையும் நேரத்தோடு எழுதினேன். அதன் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. பேனை எங்கேயோ விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, ஒப்படைத்த அன்று நான் சொன்னதை டயரியில் படித்தேன். நிழல் விழாது, காற்றுப் போகும், கோழி ஏறாது, தண்ணீர் நிற்காது. மிளகு காயப்போட இடம் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஒருவரும் எழுத முடியாது. என்ன செய்யக் கூடாது என்று நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. தொழிலுக்கு வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வாசிப்பை வேறு வேறு நேரத்தில் எடுங்கள். அந்த வீட்டில் காலையிலிருந்து பின்னேரம்வரை என்னென்ன நடக்கும் என்று கேளுங்கள். கேபிளை மாற்றுவது அதற்குப் பிறகு.

5. மூன்று நாள்

மிளகை விட்டுவிட்டுப் போகலாம் என்று சர்வேயர் ஐயா சொல்லிப் பார்த்தார். டீச்சர் காதில் வாங்கவில்லை. ஹாஜியார்தான் வழி சொன்னார்.

"பின்பாதி சும்மாதானே கெடக்கு? சோலருக்கு ஒரு ரூம், மிளகுக்கு ஒரு ரூம்."

அன்று பின்னேரமே ரெக்கின் பின்பாதிக்கு ஒரு தகட்டுத் தட்டு மடித்தோம். குரங்குக்காக மேலே கம்பி வலை மூடி, இரண்டு பிணைச்சல், ஒரு கொண்டி. மறுநாள் பூட்டினோம். பெனல் சட்டத்தில் நான் சிவப்புப் பெயின்டால் "இங்கே ஒன்றும் காயப்போட வேண்டாம்" என்று எழுதினேன். ஹாஜியார் அதன் கீழே, "டீச்சரும் தான்" என்று எழுதினார்.

மூன்றாவது சோதனை தொடங்கியது. முதல் நாள் விடிய ஐந்து பாகை. இரண்டாம் நாளும் ஐந்து. அன்று பதினொரு மணிக்கு மழை இருட்டு கட்டிக்கொண்டது. பன்னிரண்டுக்கு 1.1 அம்பியர், மூன்றுக்கு 0.9. மிளகு வீட்டுக்குள் இருந்தது. வானம்தான் மூடியிருந்தது, அதற்குத் தட்டு செய்ய நம்மிடம் தகடு இல்லை.

மறுநாள் காலை நால்வரும் வேனுக்குள் குனிந்து நின்றோம். பற்றரி 12.0. சர்வேயர் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வெப்பமானியைப் படித்தார். வெளியே கொண்டுபோய் வெளிச்சத்தில் மறுபடி படித்தார்.

"ஏழு," என்றார்.

"ஏழா, ஏழரையா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஏழு."

சர்வேயர் ஐயா வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி இருந்தது. பூட்டி, கயிறு போட்டுக் கட்டி, பெயர் எழுதி ஒட்டிய பெட்டி. எழுத்து மங்கியிருந்தது. பெட்டி கட்டி நாளாகியிருக்க வேண்டும்.

"இத எப்ப கட்டினீங்க?" என்றார் டீச்சர்.

"கடிதம் வந்த அன்னைக்கு."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஹாஜியார் என்னை இழுத்துக்கொண்டு வேனின் மறுபக்கம் போய், நன்றாக இறுகியிருந்த கிளாம்பை இன்னொரு தடவை இறுக்கினார்.

6. கடைசிக் கட்டம்

சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்கு, கூரையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, படமும் வரைந்து கொடுத்தேன். பதினொரு பொருள். மிளகுத் தட்டு ஏழாவது. போய்ச் சேர்ந்ததும் வெப்பநிலையைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் வாக்குறுதி வாங்கினேன். கொப்பியில் அதற்கு ஒரு கட்டம் விட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் கராஜ் தொலைபேசி அடித்தது. பின்னால் மேளச் சத்தமா, பஸ் சத்தமா என்று தெரியவில்லை.

"தம்பி, வந்திட்டம். நேற்று இரவே வந்திட்டம்."

"சந்தோசம் டீச்சர். எத்தன டிகிரி?"

"அக்கா வாசல் படலையில நிண்டவா. பதினேழு வருசம், ஆனா வேன் நிக்க முதலே என்னைக் கண்டிட்டா."

"நல்லது டீச்சர். வெப்பமானிய பாத்தீங்களா?"

"அக்கா பக்கத்தில நிக்கிறா. நீங்கள் அவவோட கதையுங்கோ."

கொஞ்ச நேரம் இரண்டு பெண்கள் ஒரே குரலில் சண்டை போடுவது போல் கேட்டது. பிறகு மற்றவர் வந்தார்.

"தம்பியே? மருந்துக் குப்பியை என்ர கையில வச்சுப் பாத்தனான். சில்லெண்டு இருக்கு."

"எத்தன டிகிரின்னு பாத்தீங்களா அம்மா?"

"சில்லெண்டு இருக்குதெண்டு சொல்லுறன் எல்லே. இவளின்ர கையும் சில்லெண்டுதான் இருக்கு, விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

தொடர்பு அறுந்தது. நான் ரிசீவரை வைத்தேன்.

"எவ்வளவாம்?" என்றார் ஹாஜியார்.

அந்தக் கொப்பியின் கட்டங்களில் எண்ணைத் தவிர வேறு ஒன்றும் நான் எழுதியதில்லை. நேரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது. பிறகு எழுதினேன்: சில்லென்று இருக்கிறது.