பிறை பார்ப்பவரும் அந்திரோமேடாவும்

வாசகரே, நீங்களே சாட்சி. அந்திரோமேடா விண்மீன் மண்டலத்தைக் கண்ணால் கண்டேன் என்று விவாத மேடையில் முழங்கியவன் நான். அதற்கு ஆதாரமாக ஒரு படம் எடுக்கவே, மின்வெட்டால் இருண்ட கல்முனைக் கடற்கரையில், நட்சத்திர வரைபடம் காட்டும் திசையில் கமராவை நிறுத்தியிருக்கிறேன். நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊருக்குத் தலைப்பிறை பார்த்துச் சொல்லும் மீனவர் ஒருவர் அது மங்கலான திட்டாகத் தெரியும் என்ற என் விளக்கத்தைக் கேட்டு அண்ணாந்து பார்க்கிறார்.

"ஓம் தம்பி, புகை மாதிரி ஒண்டு தெரியிது. நீங்க கண்டீங்களா?"

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். நட்சத்திரங்கள் தெரிகின்றன, புகையைக் காணோம்.

"இல்ல காக்கா" என்கிறேன், அண்ணனை அழைக்கும் எங்கள் ஊர் முறையில். "மேடையிலதான் கண்டிருக்கன்."

அவர் சிரிக்கிறார். "காணாமலா இவ்வளவும் கதைச்சீங்க? பிறையெண்டா, கண்டவன்தான் சாட்சி சொல்லணும்."

கமராவை இயக்கிவிட்டு, அலையை மீறிக் குரலெடுக்கிறேன்: "படம் பதிந்தாலும் பதியாவிட்டாலும், கண்டவர் நீங்கள், நானல்ல என்று அதே மேடையில் சொல்வேன்!"