சுருதி இறக்காத ஜெபராஜ்

செவ்வாய்க்கிழமை காலை செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது சேகர் போனில் அழைத்தான். எங்கள் குழுவில் மிருதங்கம் வாசித்தவன். "அக்கா, ஜெபராஜ் அண்ணா போயிட்டாரு" என்றான். அழுது முடித்து, அஞ்சலி மலருக்கு நான் எழுத வேண்டும் என்றான். எனக்கு அழுகை வரவில்லை. அவரை நேசித்தவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

முடிச்சூரில் அவர் வீட்டு மாடியில்தான் குழு உருவானது. தேவாலயத்தில் சாக்ஸபோன் வாசித்துவந்தவர், அதோடு மிருதங்கத்தையும், என் கர்நாடகப் பாட்டையும், செனகல்காரர் மூசாவின் கோரா என்ற நரம்பு வாத்தியத்தையும் சேர்க்க நினைத்தார். ஒத்திகையில் ஒருமுறை தாளம் தவறிய சேகரை மாடிப்படியில் நிற்கவைத்துவிட்டு, அவன் வாசிக்க வேண்டியதைத் தானே மேசையில் தட்டிக்கொண்டார். ஒத்திகை முடியும்வரை அவனை உள்ளே கூப்பிடவில்லை. "டேலண்ட் எல்லார்கிட்டயும் இருக்கு, எனக்கு வேண்டியது சவுண்ட்" என்பார். அதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுகிறீர்கள். சேகர் அன்று சிரிக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு பள்ளி அரங்கில் முதல் கச்சேரி. எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருந்தது. காலையிலேயே போய், சுருதியை அரைக் கட்டை இறக்கலாமா என்று கேட்டேன். மூசா உடனே சம்மதித்தார். நரம்புகளை மறுபடி சேர்க்க நேரமும் இருந்தது. ஜெபராஜ்தான் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "எறக்கினா என் சாக்ஸ் டல் அடிக்கும் வசந்தி. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மாலையில் மேல் ஷட்ஜத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றேன், காற்றுதான் வந்தது. முன்வரிசையில் என் பாட்டு வகுப்பு மாணவிகளும் அவர்களுடைய பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என் மைக்கை எடுத்து, பாடகிக்கு இன்று முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டு, நான் விட்ட ஸ்வரத்திலேயே சாக்ஸபோனைத் தொடங்கினார். அற்புதமாக வாசித்தார். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் தலைகுனிந்து மேடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் இல்லாமலே குழு ஊர் ஊராகப் போனது. பேட்டிக்குப் பேட்டி, "பாட்டு நின்ன எடத்துலதான் எங்க குழு பொறந்துச்சு" என்றார். என் இடத்தில் வேறு யாரையும் அவர் சேர்க்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. என்னிடம் படித்த பெண்களில் பாதிப் பேர் வேறு வகுப்பு தேடிக்கொண்டார்கள்.

போன மாதம் மருத்துவமனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பார் என்ற நினைப்பில்தான் போனேன். முகத்திலிருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிப் பேசினார்.

"எறக்கியிருக்கலாம்தான். ஆனா அந்த வாசிப்பு வந்திருக்காது. மறுபடி அந்த நாள் வந்தாலும் எறக்க மாட்டேன்."

"இத கேக்கவா அண்ணா நான் வந்தேன்?"

"அது எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

எழுந்து வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியும் நடந்துகொண்டே போனேன். சாகப்போகிறவரிடம்கூட ஒருவருக்கு இவ்வளவு கோபம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது.

ஆனாலும் அவர் அன்று வாசித்தது ஒரு ஸ்வரம் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. சமைக்கும்போது என்னையறியாமல் பாடுகிறேன், எனக்கு வசதியான சுருதியில். அஞ்சலிக் கூட்டத்தில் அதைப் பாடச் சொல்லி சேகர் கெஞ்சுகிறான். பாட மாட்டேன். அந்த வாசிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். மனிதரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.