மாமாவுக்கு மருந்து, எனக்குப் பத்தியம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டையை ஒட்டி பாளையம்பட்டியில் எங்கள் வீடு. அதற்கு முந்தின ஆடியில் என் மாமியார் தவறிப்போனார். மாமனார் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மானாவாரிக் காடு வைத்து குதிரைவாலியும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தவர். அவரைத் தனியாக விட மனசில்லாமல் எங்களோடு கூட்டி வந்துவிட்டோம்.

வந்ததிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு, "போதும் தாயி" என்று எழுந்துவிடுவார். என் சமையல் லட்சணம் எனக்கே தெரியும், அத்தையின் கைப்பக்குவம் வராது. அதனால் விதவிதமாகச் செய்து பார்த்தேன். கம்மங்கூழ் காய்ச்சினேன், கேட்டுக் கேட்டு மொச்சைக் குழம்பு வைத்தேன். எதைக் கொடுத்தாலும் அதே "போதும் தாயி"தான். சட்டை தோளைவிட்டு நழுவ ஆரம்பித்தது.

டவுனில் ரத்தம் பார்த்தோம். மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். எல்லாமே நார்மல் என்றார்கள். நார்மலான மனுஷர் என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தார். பாலவனத்தத்திலிருந்து நாத்தனார் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா எப்படி இருந்தாக, இப்படி ஆயிட்டாகளே மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மருமகள் சோறு போடாமல் கொன்றுவிட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, இந்த மனுஷர் உண்மையிலேயே போய்விடுவாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவப் பிரிவு இருப்பது எனக்குத் தெரியும். மூட்டுவலித் தைலம் வாங்குகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு வழி தெரியாமல் அங்கே கூட்டிப்போனேன். சுவரில் தாடியும் ஜடையுமாகப் பதினெண் சித்தர்கள் படம். இவர்களில் யார் என் மாமாவைச் சாப்பிட வைக்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கொண்டுபோன ரிப்போர்ட்டுகளை முதலில் ஒழுங்காகப் படித்தார். பிறகு மாமாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ஊரில் என்ன சாப்பிடுவீர்கள், தூக்கம் எப்படி என்று ஊர்க்கதை மாதிரி கேட்டுக்கொண்டே வந்தவர், "யார் கூட உக்காந்து சாப்பிடுவீங்க ஐயா?" என்றார்.

மாமா துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டே சொன்னார். "அவ இருந்தவரைக்கும் காட்டுக்கே கஞ்சி கொண்டாந்துருவா. வேப்ப மரத்தடியில ரெண்டு பேரும் ஒரே தூக்குவாளியில குடிப்போம். இப்ப தனியாத்தான். மருமக நல்லாத்தான் பாக்குது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் மாமனார் முன்னால் மருமகள் உட்கார மாட்டோம். அவருக்குத் தட்டு வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் போடுவோம். அவர் கை கழுவின பிறகுதான் நாங்கள் சாப்பிடுவது. வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு, மகள் ஹாஸ்டலில். மாமா வேளாவேளைக்குத் தன்னந்தனியாக உட்கார்ந்து, நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

சுக்கும் மிளகும் சீரகமும் மணக்கிற ஒரு சூரணம் கொடுத்து, தேனில் குழைத்துச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பத்தியம் என்னவென்று கேட்டேன். "புளி, காரம், கருவாடு வேண்டாம். ஐயாவுக்கு மட்டுமில்லக்கா, உங்களுக்கும்தான். அதே சாப்பாட்டை அதே நேரத்துல அவர் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடணும்."

"நோய் அவுகளுக்குத்தானேம்மா" என்றேன். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

டாக்டர் சிரித்தார். "பால் குடிக்கிற பிள்ளைக்கு நோய்னா தாயைப் பத்தியம் இருக்கச் சொல்றது எங்க வைத்தியத்துல பழைய வழக்கம்க்கா. வாதம், பித்தம், கபம் மூணும் அளவா இருந்தா உடம்பு நல்லா இருக்கும். அந்த அளவு சாப்பாட்டால மட்டும் கெடுறதில்ல, துக்கத்தாலயும் கெடும். அதனாலதான் நோயை மட்டும் பாக்காம, நோயாளி எங்க இருக்கார், யாரோட இருக்கார்னும் பாக்கணும்னு சித்தர்கள் சொல்லிவச்சிருக்காங்க."

அன்று மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தலை நிமிரவே கூச்சம். புளியில்லாத ரசம் மருந்துத் தண்ணி மாதிரி இருந்தது. என் கை தானாக நின்றுவிட்டது.

மாமா என் தட்டைப் பார்த்தார். "என்ன தாயி, இறங்கலையா?"

"இல்ல மாமா" என்றேன்.

"நாள் பூரா வேலை பாக்குற உடம்பு. பட்டினி கிடந்தா என்னத்துக்கு ஆகும்? ஏதோ நாலு வாய் சாப்பிடு. நானும் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. காரத்தின் மேல் பழியைப் போடலாமென்றால் அதிலே காரமும் இல்லை.

அப்புறம் தினமும் என்னைச் சாப்பிட வைப்பதற்காகவே அவரும் சாப்பிட்டார். காட்டுக் கதை, அத்தை கதையெல்லாம் சோற்றோடு வந்தது. பங்குனி முடிவதற்குள் மாமாவின் ஒட்டிப்போன கன்னத்தில் சதை தெரிய ஆரம்பித்தது. சூரணம் தீர்ந்து மறுபடி போனபோது டாக்டர் நாடி பார்த்துவிட்டு, இனி மருந்து வேண்டாம், பத்தியமும் வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆசை ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மாமாவுக்குப் பரிமாறிவிட்டு, பழைய பழக்கத்தில் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டேன். மாமா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"சாப்பிடுங்க மாமா, பத்தியம் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"உனக்கு முடிஞ்சிருக்கும் தாயி, எனக்கு முடியல. தட்டை எடுத்துட்டு வா" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு தட்டும் ஒன்றாகத்தான் வைக்கப்படுகின்றன. அந்தச் சூரணத்தில் எவ்வளவு பங்கு, பக்கத்தில் உட்கார்ந்ததில் எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்படிப் பிரிக்காமல் பார்ப்பதுதான் அந்த வைத்தியம் என்று மாமா பக்கத்தில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.