முத்திரையைத் தொடாத கை

அந்தக் கார் அவனுடையது இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தெருமுனை இஸ்திரிக்கடையில் கூடுகிறவர்களின் காதில் ஏறாது. கறுப்புக் கண்ணாடி போட்ட கார் நான்கு வருடமாகக் காலை எட்டே காலுக்கு வந்து நின்றது, வக்கீலம்மா பின் சீட்டில் ஏறிப் போனார், அவர் நடத்திய கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த அவன் விடுதலையானான், மறுநாளிலிருந்து காரைக் காணோம். இவ்வளவையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டால் கதை தயார். காருக்குள் சீருடை போடாத போலீஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், சர்க்கார் வக்கீல் உயிரோடு நீதிமன்றம் போய்ச் சேரவேண்டுமே என்று அரசாங்கம் அனுப்பிய கார் அது, வழக்கு முடிந்ததும் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டது. இதெல்லாம் கதைக்குச் சுவை சேர்க்காத சங்கதிகள்.

“காரை விடுங்க. கோர்ட்ல எல்லாரும் பார்க்க, ‘அம்மா நல்லா இருக்காங்களா’ன்னு சாட்சிகிட்ட கேட்டாளாம்! குசலம் விசாரிக்கிற வக்கீலை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” இது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது.

“குடைஞ்சு குடைஞ்சு கேக்கிற பொம்பளை. மூணே கேள்வியோட உட்கார்ந்துட்டாளே!” என்பார் இஸ்திரிக்காரர், பெட்டியைக் காலர்மேல் அழுத்தியபடி. “என்னமோ இருக்கு.”

இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைப்பது இல்லை.

வக்கீலம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. குற்றத்தையே கூட்டுத் தொழிலாக நடத்துகிறவர்களின் வழக்குகளுக்கென்று இருக்கும் பிரிவில் பதினேழு வருடம். அந்த வருடங்களில் அவர் கடைக்குள் போனால் சுவரை முதுகுக்கு வைத்துத்தான் நிற்பார். விடுமுறை நாளில் பஸ்ஸில் போனால் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்து வருவார். வீட்டில் கூட இருப்பது அக்கா மட்டும். கணவர் போன பிறகு தங்கையோடு வந்து சேர்ந்தவர். “உன்கூட இருக்கறதும் பூட்டின பீரோகூட இருக்கறதும் ஒண்ணுடி” என்று அக்கா வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். பீரோ சிரிக்கும்.

சாட்சிகளின் பெயரை அவர் வாயால் சொல்லியதே இல்லை. எல்லாருக்கும் எண்தான். “ஏழுக்குக் காய்ச்சலாம்க்கா” என்று வீட்டுக்கு வந்து சொல்வார். அக்காவும் பழகிப்போய், “உன் ஏழுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தியா?” என்று கேட்பார். சாட்சியைத் தயார் செய்வதும் வேறு மாதிரி. மற்றவர்கள் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இவர் ஆள் இல்லாத நீதிமன்ற அறைக்கு அழைத்துப் போய்ச் சாட்சிக் கூண்டில் நிற்க வைப்பார், அந்த மரக்கட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்வார், தான் கீழே உட்கார்ந்து கதை பேசுவார். “தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அழகா மட்டும் சொல்லாதீங்க.” அவர் நடத்தும் பாடம் அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்கின் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் தந்தாகவேண்டும். சாட்சி யார், எங்கே இருக்கிறான் என்பது அந்த நகலில் தெரியக்கூடாது. அந்த இடங்களைக் கறுப்படிக்கும் வேலையை மற்ற வக்கீல்கள் குமாஸ்தாவிடம் தள்ளிவிடுவார்கள். இவர் தள்ளமாட்டார். அளவுகோலை வைத்து, தடித்த பேனாவால் கோடு இழுத்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் இழுத்து, வாயால் ஊதி உலர்த்தி, கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு எழுத்தின் வால் தெரிந்தாலும் மறுபடி கோடு. அவருடைய வலக்கைச் சுண்டுவிரல் ஓரம் நிரந்தரமாகக் கறுப்பு. “இந்தக் கையோடவா கல்யாண வீட்டுக்கு வரப் போற?” என்று அக்கா கேட்பார். “கூப்பிடாம இருக்கச் சொல்லு, நல்லது” என்பார் இவர்.

மை எங்கே வேண்டுமானாலும் விழலாம். முத்திரைமேல் மட்டும் விழக்கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு முறை மை வழிந்து ஒரு முத்திரையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “இது திருத்தின ஆவணம், கனம் நீதிபதி அவர்களே” என்றார். அந்தத் தாள் தள்ளுபடி. அதோடு வழக்கும் போனது, கொலை செய்தவன் வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து எந்த முத்திரையைக் கண்டாலும் ஒரு விரற்கடை தள்ளியே கோட்டை நிறுத்துவார். பதினேழு வருடத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரக்குக் கிடங்குப் பகுதி முழுக்க ஒருவனைச் ‘சித்தப்பா’ என்றுதான் கூப்பிடும். அவனைக் கேட்காமல் அங்கே ஒரு லாரி நகராது. கேட்காமல் லாரியை நகர்த்திய லாரிக்காரர் ஒருவர் செத்துப் போனார். வெட்டியவர்கள் பிடிபட்டார்கள். ஆனால் வெட்டச் சொன்னவனை அவர்களோடு சேர்த்துப் பார்த்த கண் ஊரில் ஒன்றே ஒன்று. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கண். கிடங்குக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கம்பிக் கதவுக்குக் கீழே லிஃப்ட் கூண்டை நிறுத்திவிட்டு, அதன் கூரைமேல் நின்று வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கதவின் இடுக்கில், சித்தப்பா லாரிக்காரரின் தோளில் கைபோட்டபடி தன் ஆட்களிடம், “இவரைக் கூட்டிட்டுப் போய் முடிச்சிடுங்கப்பா” என்று சொன்னதைப் பார்த்தான், கேட்டான். லிஃப்டின் தலைமேல் ஆள் இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

அவன்தான் ஏழாம் சாட்சி. வக்கீலம்மா அவனை எட்டு முறை வரவழைத்துப் பேசினார். ஐந்தாம் முறை வந்தபோது பேச்சு வீட்டுப் பக்கம் போயிற்று. “எங்கம்மா கண்ணாடி இல்லாம வாசப்படி இறங்க மாட்டாங்கம்மா. காது மாட்டுற கம்பி உடைஞ்சிருச்சு. நான்தான் பச்சை நூல் சுத்திக் குடுத்திருக்கேன்” என்றான். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்கவேண்டிய விஷயமா அது?

சாட்சி சொல்லும் நாள் வந்தது.

“அன்னைக்கு மூணாவது மாடியில யாரைப் பார்த்தீங்க?”

“யாரையும் பார்க்கலைங்க.”

சாட்சி பிறழ்ந்துவிட்டான், இனி தானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் வக்கீலம்மா.

“முதல் எதிரியை, அதோ நிக்கிற சித்தப்பாவை, பார்த்ததா போலீஸ்ல வாக்குமூலம் கொடுத்திருக்கீங்களே?”

“அது அவங்களா எழுதிக்கிட்டது.” சொல்லிக்கொண்டே அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தான். இருட்டுக் குழிக்குள் பிரிந்துபோன ஒற்றைக் கம்பி இழையைக் கண்டுபிடிக்கிறவனுக்குக் கண்ணாடி எதற்கு? சட்டை நுனியால் துடைத்தான். ஒரு பக்கக் கம்பியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. மறுபடி பைக்குள் வைத்து, பையின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

வக்கீலம்மாவின் கையில் நாற்பத்தொரு கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. அதை மடித்தார்.

“அம்மா நல்லா இருக்காங்களா?”

நீதிபதியின் பேனா நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்கப் பாதி எழுந்து, எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார். சித்தப்பா மட்டும் தன்னைத்தான் விசாரித்ததுபோல் தலையசைத்தான்.

“இருக்காங்கம்மா” என்றான் மெக்கானிக். “இன்னிக்கு வரைக்கும்.”

வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டார்.

வெளியே படிக்கட்டு ஓரத்தில், நீதிமன்ற லிஃப்டைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: “லிஃப்ட் நின்னு போச்சுன்னு எங்க கம்பெனிக் கிளைக்கு ஃபோன் பண்ணி, என்னைத்தான் அனுப்பணும்னு கேட்டாங்க. போய்க் கூண்டு மேல ஏறினேன். அங்க ஒரு துணியை விரிச்சு அதுமேல இதை மடிச்சு வெச்சிருந்தாங்க. ரெண்டு நாளா வீட்ல தேடிட்டு இருந்த கண்ணாடிம்மா.” பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். “எல்லாத்தையும் கறுப்படிச்சுட்டேன்னு சொன்னீங்களே. கிளை எப்படிம்மா தெரிஞ்சுது?”

அவர் அறைக்குத் திரும்பி நகல்கட்டைப் பிரித்தார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், லிஃப்ட் பராமரிப்புச் சீட்டு. அன்றைக்கு அவன் அங்கே இருந்தான் என்பதற்கு ஆதாரம். பெயர்மேல் கறுப்பு, கையெழுத்துமேல் கறுப்பு, தொலைபேசி எண்மேல் கறுப்பு. மூலையில் ஊதா நிறத்தில் வட்டமாக நிறுவனத்தின் முத்திரை, அதைச் சுற்றி ஒரு விரற்கடை வெள்ளை. வட்டத்துக்குள் கிளையின் தெருப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கிளையில் மெக்கானிக்குகள் மொத்தம் இரண்டு பேர். மற்றவன் அந்த மாதம் கால் முறிந்து படுக்கையில் கிடந்தவன். கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பதினோராம் நாள் தீர்ப்பு, விடுதலை. வெளியே வந்த சித்தப்பா அவர் முன்னால் நின்று, “அலைச்சல் ஜாஸ்திம்மா உங்களுக்கு. உடம்பைப் பார்த்துக்குங்க” என்றான். உண்மையான அக்கறை போலவே இருந்தது குரல். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். லாரிக்காரரின் மனைவி தூணோரம் காத்திருந்து கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவரிடம் போய் நடந்ததை முழுக்கச் சொன்னவர் வக்கீலம்மாவேதான். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, “அவங்கம்மாவுக்குக் கண்ணாடி திரும்பக் கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுது?” என்றார். அழக்கூட இல்லை.

துறை இயக்குநருக்கு வேறு கவலை. “அவன் மேல பொய்ச்சாட்சி வழக்குப் போடுங்க. சத்தியம் பண்ணிட்டு மாத்திப் பேசியிருக்கான். ரெண்டு வருஷம் உள்ள இருந்தா அடுத்தவனுக்குப் புத்தி வரும். நமக்கும் பேர் கெடாது.”

“அவனைக் காட்டிக் கொடுத்தது நான் சார்.”

“முத்திரை விஷயம் யாருக்குத் தெரியும்? நீங்களா சொன்னாத்தான் உண்டு.”

“அதான் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்.” ஒரு பக்கம். நடந்தது, தேதி, தன் தவறு, கீழே கையெழுத்து. இயக்குநர் அதை ஒற்றை விரலால் திரும்பத் தள்ளினார்.

“இதை ஃபைல்ல வெச்சா இந்த நாற்காலியில நீங்க இருக்க முடியாது.”

“தெரியும். சேர்ப்பீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க. சேர்க்கலைன்னா அந்தப் பொய்ச்சாட்சி வழக்குல அவன் பக்கம் முதல் சாட்சியா நான் வந்து நிப்பேன்.”

காகிதம் கோப்பில் ஏறியது. மெக்கானிக்மேல் வழக்கு வரவில்லை. வக்கீலம்மாவைப் பிரிவிலிருந்து விடுவித்து, பழைய பதிவேடுகள் அடுக்கும் அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் மாற்றல் உத்தரவின் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார்.

அக்காதான் கொதித்தார். இஸ்திரிக்கடைக்குப் போய், “என் தங்கச்சி கைப்பட்ட மைக்கு ஈடாவீங்களாடா நீங்க!” என்று கத்திவிட்டு வந்து மூச்சு வாங்கினார். “நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்டி! ஊரே சிரிக்குது.”

“சொன்னா, அவன் எதுக்காகப் பொய் சொன்னான்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்க்கா. என்கிட்ட உண்மையைச் சொல்லிட்டான்னு நாளைக்குச் சித்தப்பா காதுக்குப் போகும். சிரிக்கட்டும்.”

மெக்கானிக்கும் அம்மாவும் போன மாதம் யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் ஊருக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இப்போதாவது சொல்ல முடிகிறது. தையல்காரம்மா ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

கடைசி நாள் மாலை அறையைக் காலி செய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு குடை, அளவுகோல். அரசாங்கம் செய்யப்போகும் மேல்முறையீட்டுக்காக எதிர்த்தரப்புக்குப் போகவேண்டிய நகல்கட்டு மேசையில் இருந்தது. மறுநாள் வேறு யாரோ வந்து அனுப்புவார்கள். குடையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அளவுகோலை எடுத்து, வட்டத்துக்கு அது உதவாது என்று ஓரமாக வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, முத்திரையின் நடுவில் முனையை ஊன்றி, உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, ஊதா நிறம் ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் கறுப்படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் அடித்தார். ஊதினார். எழுந்துபோய் ஜன்னலில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தாளைக் கட்டுக்குள் வைத்து நாடாவை முடிந்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.